எல்லை தாண்டிப் போனால் தவறில்லை

குடிநோயிலிருந்து மீள்வது பற்றி பாலக்காட்டு எல்லைப் பகுதி வாசகர்கள் கேட்டவற்றுக்குச் சிகிச்சை ஆலோசகர்கள் பதில் தருகிறார்கள்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். பகலில் கள்ளு, ராத்திரி பிராந்தி. இப்போது அவரே "ஏதாவது கூட்டத்தில் சேர்த்துவிடு" என்கிறார். எங்கே விசாரிப்பது? அவருக்கு மலையாளம் புரியும், மனம்விட்டுப் பேச வராது.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

அவர் வாயாலேயே கேட்டிருக்கிறார். தள்ளிப்போடாமல் இந்த வாரமே விசாரியுங்கள். நீங்கள் தேடுவது ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் துணையாக நடத்தும் கூட்டம் இது. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கி, 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். கூட்டத்தில் காணிக்கைப் பை சுற்றிவரும்; புதிதாக வருபவர் எதுவும் போட வேண்டியதில்லை.

பள்ளிக்கூட அறையிலும் சர்ச் ஹாலிலும் மாலை நேரத்தில் கூடுவார்கள். வாசலில் பெரிய பலகை இருக்காது என்பதால் தெருவில் அலைந்து தேடினால் கிடைக்காது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கேரள கலால் துறையின் 'விமுக்தி' எண் 14405, இரண்டிலும் கேளுங்கள். இதைவிட நம்பகமான வழி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கும் ஆலோசகரை நேரில் பார்ப்பது. எந்தக் குழு இப்போதும் தவறாமல் கூடுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பழைய பட்டியலைப் பார்த்துப் போய், பூட்டிய கதவைக் கண்டு திரும்பியவர்கள் பலர் மறுபடி கிளம்புவதில்லை. ஆகவே குழுவின் தொடர்பாளருக்கு முன்தினமே போன் செய்து, எந்த மொழியில் பேசுவார்கள், எத்தனை மணிக்கு முடியும், குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் போனை அவரே பேசட்டும். பல இடங்களில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அழைத்துப் போவார்கள்.

மொழியைப் பொறுத்தவரை தயங்கவே வேண்டாம், பொள்ளாச்சிப் பக்கம் விசாரியுங்கள். ஏ.ஏ.வுக்கு மாநில எல்லை இல்லை, ரேஷன் கார்டு எந்த ஊர் என்று யாரும் கேட்கப்போவதில்லை. வெட்கத்தையும் பயத்தையும் சொல்ல வேண்டிய இடத்தில் தாய்மொழி வேண்டும். தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்ற கூச்சமும் பக்கத்து ஊரில் குறையும். ஆனால் திரும்பி வரும் வழியை முதலிலேயே யோசியுங்கள். கூட்டம் முடிந்து, பஸ்ஸுக்காக மதுக்கடை வாசலில் அரைமணி நேரம் நிற்க நேர்ந்தால் கேட்டதெல்லாம் கரைந்துவிடும். முதல் ஒரு மாதமாவது யாராவது பைக்கில் கூட்டி வரட்டும்.

இன்னொன்று, 1-ஆம் தேதி. அன்று கேரளத்தில் அரசு மதுக்கடையான பெவ்கோ மூடியிருக்கும், கையில் சம்பளம் இருக்கும், எல்லைக்கு அப்பால் டாஸ்மாக் திறந்திருக்கும். அன்று மாலை கூட்டம் இல்லையென்றாலும் குழுவில் ஒருவரோடு இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

போன முறை குடியை நிறுத்திய இரண்டாம் நாள் தம்பிக்கு வலிப்பு வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரி வேண்டாம், நேரே கூட்டத்துக்குப் போகிறேன் என்கிறான். சரியா?
- வாசகர், கோவிந்தாபுரம்

சரியில்லை. ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுமுறையும் வரும் ஆபத்து அதிகம். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிவது, நாள், இடம் மறந்து பிதற்றுவது வந்தால் அது உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் 5 முதல் 7 நாள் வைத்து, மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். வீட்டில் வெறும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி யாரையும் அழைக்காதீர்கள். பி1 குறைந்த உடம்பில் அது மூளையைப் பாதிக்கலாம். படுக்கை கிடைக்கும்வரை "இன்றே நிறுத்து" என்று நெருக்கவும் வேண்டாம். கூட்டத்துக்கு, வீடு திரும்பிய அன்று மாலையே போகலாம்.

மகன் ஒரே ஒரு கூட்டத்துக்குப் போனான். "சர்ச் ஹால், பிரார்த்தனை, நமக்கு ஒத்துவராது" என்று நின்றுவிட்டான்.
- வாசகி, மீனாட்சிபுரம்

இடம்தான் சர்ச்சுடையது, ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் வரும் கடவுள், அவரவர் புரிந்துகொண்ட கடவுள். பிரார்த்தனை நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு, ஆகவே இரண்டு குழுக்களிலாவது ஆறேழு முறை உட்கார்ந்து பார்க்கட்டும். அவன் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்: குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் குழுக்கள் தனியாக இருக்கின்றன.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை தந்தார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, வேலந்தாவளம்

கூடவே கூடாது. அது பெரும்பாலும் டைசல்ஃபிரம். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். விவரம் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்பவருக்கு மட்டுமே அந்த மருந்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள் வரை இந்த விளைவு வரக்கூடும். மீதி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.