ராஜாவுக்கு வைத்த செக், பாங்கில் போட்ட செக்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். செஸ் பைத்தியம். ஆங்கிலப் பாடத்துக்காக 'செக்' என்ற சொல்லை அகராதியில் பார்க்கப் போய், பத்தி பத்தியாகப் பொருள் கிடப்பதைக் கண்டு மலைத்துவிட்டான். "செஸ்ல வைக்கிற செக், பாங்க் செக், அப்பாவோட செக் சட்டை, எல்லாம் ஒரே வார்த்தையாம்மா?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்லவா?

பதில்: ஒரே வார்த்தைதான் அம்மா. மனப்பாடம் வேண்டவே வேண்டாம். பையனுக்குச் செஸ் தெரியும் என்பதால் உங்கள் வேலையில் பாதி முடிந்துவிட்டது.

பாரசீக மொழியில் அரசருக்கு 'ஷா' என்று பெயர். ஷாஜகான் பெயரில் இருக்கிறதே, அதே ஷா. இங்கிருந்து போன சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். அந்தக் குரல்தான் அரபி, லத்தீன், பழைய பிரெஞ்சு என்று வாய்க்கு வாய் மாறி ஆங்கிலத்தில் 'செக்' என்று வந்து நின்றது. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. ராஜா இனி ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறார் என்று அர்த்தம். அந்த 'மேட்'டுக்கும் தோழன் என்று பொருள்படும் 'மேட்'டுக்கும் உறவில்லை. 'செஸ்' என்ற பெயரே இந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் என்று சொன்னால் பையன் துள்ளிக் குதிப்பான்.

இனி அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் ராஜாவுக்குச் செக் வைத்தால் நீ என்ன செய்வாய்?" போட்டு வைத்த திட்டத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். நினைத்த காயை நகர்த்த முடியாது. அதாவது, ஒரு தடை. செஸ்ஸே ஆடாதவர்களும் 'தடுத்து நிறுத்துவது' என்ற பொருளில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது இப்படித்தான். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், மனைவியை இழந்த ஒரு வீரனின் துயரத்தைச் சொல்லும்போது, விதி அவனோடு சதுரங்கம் ஆடி, அவன் ராணியைப் பறித்துச் செக் வைத்துவிட்டதாக எழுதுகிறார். நம் அரசியல் செய்திகளில் வாரம் தவறாமல் யாராவது யாருக்காவது 'செக் வைக்கிறார்களே', அதுவும் இந்த அர்த்தம்தான்.

தடையிலிருந்து சரிபார்ப்பதற்கு எப்படிப் போனது? கணக்கு எழுதுபவர் கைவரிசை காட்டாமல் தடுக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அவர் எழுதியதை வேறொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. தடுப்பதற்காகச் செய்த அந்த ஒப்பிடல் வேலைக்கே தடையின் பெயர் வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது இது. இன்று நாம் நாள் முழுக்கச் சொல்லும் 'செக் பண்ணு' அந்த வழியில் வந்தது.

பாங்க் செக் விஷயம் இன்னும் சுவாரசியம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றால் பணம் தரும் தாள் இல்லை, அதன் அடிக்கட்டை! கிழித்துக் கொடுத்த தாளில் யாராவது தொகையைத் திருத்தினால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். மோசடிக்குத் தடை என்பதால் அடிக்கட்டைக்குச் 'செக்' என்று பெயர். போகப் போக அந்தப் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு ஒட்டிக்கொண்டது. உங்கள் வீட்டில் பழைய செக் புத்தகம் இருந்தால் எடுத்து அவனுக்குக் காட்டுங்கள். நான் பத்து வரி எழுதுவதைவிட அந்த அடிக்கட்டை நன்றாகச் சொல்லிவிடும்.

சட்டை வேறு கிளை. அது ராஜாவிடமிருந்து வரவில்லை, பலகையிலிருந்து வந்தது. சதுரங்கப் பலகைக்கு ஆங்கிலத்தில் 'செக்கர்' என்று ஒரு பெயர் உண்டு. அதுபோலக் கட்டம் கட்டமாக இருந்தால் 'செக்கர்டு', சுருக்கினால் 'செக்'. அப்பாவின் சட்டை இங்கே வந்துவிட்டது.

இதே பலகைதான் ஒரு நாட்டின் கஜானாவுக்கும் பெயர் கொடுத்தது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒவ்வொரு மாவட்ட ஷெரீஃபும் அரசரின் வருவாய்க்குக் கணக்குக் காட்ட வேண்டும். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. காய்கள் உருண்டு விழாமல் ஓரத்தில் நாலு விரல் உயர விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று காய்களை வைத்துக் கூட்டிக் கழிப்பார்கள். ரோமானிய எண்களில் கழித்தல் போட்டுப் பாருங்கள், மேசை ஏன் தேவைப்பட்டது என்று புரியும். இதை விவரித்து எழுதியவர் அங்கேயே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். பலகை போலிருப்பது ஒரு காரணம் என்றவர் இன்னொன்றையும் சொல்கிறார்: பொருளாளரும் ஷெரீஃபும் எதிரெதிரே மோதுவது சதுரங்க யுத்தம் போலவே இருக்குமாம். அந்த மேசையின் பெயர்தான் 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றுதான் பட்டம்.

(அந்த அலுவலகத்தில் ரசீதாகக் கொடுத்தது வெட்டுக்குறி போட்டு இரண்டாகப் பிளந்த குச்சி. அதன் பெயர் டேலி. 'கணக்கு டேலி ஆகவில்லை' என்கிறோமே, அதுவேதான். மிச்சமிருந்த பழைய குச்சிகளை 1834இல் அடுப்பில் போட்டு எரிக்கப் போய், பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது தனிக் கதை.)

ஆக, ஒரு பொருள் செத்து அடுத்தது பிறப்பதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. அகராதி பார்த்து மலைப்பதும் அதனால்தான். நம் 'கட்டம்' என்ற சொல்லையே பாருங்கள். கட்சிப் பத்திரிகையில் நீக்க அறிவிப்பைக் கட்டத்துக்குள் போடப் போய், 'அவரைக் கட்டம் கட்டிட்டாங்க' என்றால் கட்சியை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. அதற்காகக் கோலத்தில் கட்டம் போடுவதை யாரும் நிறுத்தவில்லை.

அகராதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதி பொருள்களைக் கால வரிசையில் தரும். எது முதலில் வந்ததோ அது முதலில். மாணவர்களுக்கான அகராதிகளில் பெரும்பாலும் இன்று அதிகம் புழங்கும் பொருள் முதலில் வரும். இது தெரியாமல் முதலில் இருப்பதுதான் முக்கியம் என்று எடுத்துக்கொண்டு குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருப்பது எந்த வகை என்று முன்னுரையில் பாருங்கள்.

ஒலி ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடவும் விடாதீர்கள். செக் குடியரசு ஓர் இனத்தின் பெயரால் வந்தது. எண்ணெய் ஆட்டும் செக்கு நம்முடையது.

ஒரு தாளில் நடுவே ராஜாவை வரையச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தடை, சரிபார்ப்பு, அடிக்கட்டை, பாங்க் செக். மறுபக்கம் பலகை, கட்டம், சட்டை, கஜானா. குடிமையியலில் வரும் 'தடைகளும் சமநிலைகளும்' (அரசின் ஒரு பிரிவை இன்னொன்று கட்டுப்படுத்துவது; ஆங்கிலத்தில் 'செக் அண்ட் பேலன்ஸ்') எந்தப் பக்கம் என்று அவனே சொல்லட்டும். பரீட்சையில் மட்டும் பாங்க் செக்குக்குக் 'கியூ' போட்டு எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்துக்கொண்ட எழுத்து அது. அமெரிக்கர்கள் 'சி-கே'யோடு விட்டுவிட்டார்கள். நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் எழுத்துக்குத்தான் மதிப்பெண்.