ஆடிக்கொண்டே பழகலாம்: வாசகர் கேள்வி-பதில்

ஓய்வு பெற்ற பிறகு தினமும் இணையத்தில் செஸ் ஆடுகிறேன். ஆட்டம் முடிந்த நொடியில் எதிராளி காணாமல் போய்விடுகிறார். இதில் சிநேகம் எங்கே வரும்?
– வாசகர், திண்டுக்கல்

ஐந்து நிமிட ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று தெரிகிறது. கடிகாரம் ஓடும்போது பேச யாருக்குக் கை இருக்கும்? தவிர, ஆட்டத்திறனைக் காட்டும் தரப்புள்ளியை (ரேட்டிங்) பார்த்துத் தளமே ஜோடி சேர்ப்பதால் ஒவ்வொரு முறையும் புது முகம்தான். நட்புக்கு வேண்டியது திரும்பத் திரும்ப அதே ஆள்.

லிசெஸ் தளத்தில் 'கரஸ்பாண்டன்ஸ்' என்று ஒரு வகை உண்டு. பழைய தபால் செஸ்ஸின் வாரிசு. ஒரு நகர்த்தலுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் வைக்கலாம். 3 நாள் போதும். ஓர் ஆட்டம் வாரக்கணக்கில் ஓடும். நடுவே "நாளை வெளியூர், மெதுவாகத்தான் ஆடுவேன்" என்று ஒரு வரி எழுதத் தோன்றும். அங்கேதான் பேச்சு தொடங்குகிறது. ஆரம்பத்தில் நாலைந்து ஆட்டங்களுக்கு மேல் திறக்காதீர்கள். உற்சாகத்தில் இருபது திறப்பவர்கள் பாதியை நேரம் கடந்தே தோற்பார்கள். எதிராளியோ 'மனுஷன் ஓடிவிட்டார்' என்று முடிவுகட்டிவிடுவார்.

முடிந்ததும் 'நல்ல ஆட்டம்' என்று மட்டும் எழுதினால் பதிலும் அப்படியேதான் வரும். "14-வது நகர்த்தலில் குதிரையை ஏன் பின்னால் எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டது ஆட்டத்தைப் பற்றி என்பதால் யாரும் தயங்குவதில்லை. ஊர், வேலை, வயது விசாரணையெல்லாம் அவராகச் சொல்லும்வரை வேண்டாம். ஆட்டம் நடக்கும்போது கணினி எஞ்சினிடம் யோசனை கேட்பது ஏமாற்று. தபால் வகையில் தொடக்க நகர்த்தல் புத்தகங்களைப் பார்க்க மட்டும் லிசெஸ் அனுமதிக்கிறது.

டெலிகிராமில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சொல் அந்தாதி தொடங்கினோம். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. மூன்றாம் நாளே குழு தூங்கிவிட்டது. என்ன கோளாறு?
– வாசகி, சேலம்

முக்கால்வாசிக் கோளாறு விதியில்தான். 'கடைசி எழுத்தில் அடுத்த சொல்' என்று மட்டும் வைத்துக்கொண்டால் தமிழில் வண்டி சீக்கிரமே நின்றுவிடும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. சொல்லின் கடைசியிலோ இவைதான் வந்து குவிகின்றன. 'தமிழ்' என்று ஒருவர் போட்டால் அடுத்தவர் என்ன செய்வார்? லட்டு, லாரி, ரயில் எல்லாம் ஒரே மாலையில் தீர்ந்துவிடும்.

இப்படி வைத்துப் பாருங்கள். சொல் 'ம்', 'ய்' என்று முடிந்தால் அதே வரிசையில் எந்த எழுத்தும் சரி: மரம், பிறகு மிளகு. 'ன்', 'ண்' வந்தால் ந வரிசை: மீன், நண்டு. 'ர்', 'ல்', 'ழ்', 'ள்' வந்தால் அதற்கு முந்தைய எழுத்து: வேர் என்றால் வேலி, நாள் என்றால் நாவல். அந்த எழுத்தும் முதலில் வராத இனமென்றால் அதிலுள்ள உயிரை எடுங்கள்: குரல் என்றால் அவரை. வீடு, ஆறு, வழி, மழை போல மொழிமுதல் வராத எழுத்து உயிரோடு முடிந்தாலும் கடைசி உயிர்தான்: வீட்டுக்கு உரல், வழிக்கு இஞ்சி. ஐகாரச் சொற்கள் குறைவு என்பதால் 'மழை'க்குப் பின் அகரத்தையும் அனுமதியுங்கள்; அவல் வரலாம். ஐந்தே வரிதான். குழுவின் மேலே 'பின்' (pin) செய்து வையுங்கள்.

இரண்டாவது கோளாறு, வேகக்காரர்கள். இரண்டு பேர் மாறி மாறி நாற்பது சொல் போட்டுவிட்டால் மற்ற பத்துப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒருவர் போட்டபின் குறைந்தது வேறு இரண்டு பேர் போட்டால்தான் அவர் மறுபடி வரலாம் என்று கட்டுங்கள். 'இது சொல்லே இல்லை' என்ற சண்டைக்கு வாரம் ஒரு நடுவர். அவர் சொன்னது சொன்னதுதான். சலிப்பைவிடச் சண்டையில் சாகும் குழுக்களே அதிகம்.

இனி முக்கியமான ஒன்று. சொல்லோடு ஒரு வரியும் எழுத வேண்டும் என்று வைத்துவிடுங்கள். 'உரல்' என்றால் "எங்கள் வீட்டு உரலில் இப்போது மழைத்தண்ணீர்தான் நிற்கிறது". சொல்லுக்கு வருவது அடுத்த சொல் மட்டும். அந்த வரிக்கு வருவது கேள்வி, கிண்டல், 'எங்கள் வீட்டிலும்தான்'. வாரம் ஒரு தலைப்பும் வைக்கலாம்: அடுக்களைச் சாமான், ஊர்ப்பெயர், மரம் செடி கொடி. பன்னிரண்டு பேர் சரியான அளவே. ஆட்களைக் கூட்டினால் உயிர் வரும் என்று நினைக்காதீர்கள்.

சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொரன்டோவில் இருப்பவர்கள் சேர்ந்து ஆட எந்த நேரம்? என்ன ஆட்டம்?
– வாசகர், டொரன்டோ

ஞாயிறு இந்திய நேரம் இரவு 7.30. சிங்கப்பூரில் இரவு 10, லண்டனில் கோடையில் பிற்பகல் 3, உங்களுக்குக் காலை 10. குளிர்காலத்தில் லண்டனுக்கும் உங்களுக்கும் ஒரு மணி நேரம் முன்னதாக வரும். கடிகாரம் மாறும் வாரத்தில்தான் ஆட்கள் தவறவிடுவார்கள். முந்தின நாளே நினைவூட்டுங்கள். சிட்னிக்காரர் இருந்தால் அவருக்கு நள்ளிரவு தாண்டிவிடும், பாவம்.

படம் வரைந்து கண்டுபிடிக்கும் ஸ்க்ரிபிள் (skribbl.io) ஆட்டம் கலகலப்பானது. தனி அறை திறந்து, உங்கள் சொற்களைக் காற்புள்ளி போட்டு உள்ளிடலாம். குறைந்தது பத்து வேண்டும். ஐம்பது இருந்தால் சுவை. தமிழில் எழுத்துக்கூட்டல் அப்படியே பொருந்தினால்தான் புள்ளி கிடைக்கும். 'வெண்டக்காய்' என்று அடித்தவர் வெண்டைக்காய்க்குத் தோற்றுக் கோபிப்பார். கம்பு, தேள், நுங்கு போலக் குறுஞ்சொற்களாகப் போடுங்கள். விடையின் எழுத்துகளுக்காகத் திரையில் காட்டும் இடைவெளிக் கோடுகளை எண்ணி ஊகிக்க வேண்டாம். கொம்பும் காலும் தனி எழுத்தாகக் கணக்கில் வந்துவிடலாம். ஒரு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். இன்னும் ஆடலாமே என்ற ஆசை இருக்கும்போதே எழுந்தால் அடுத்த வாரம் எல்லாரும் வருவார்கள்.

குழுவில் என் செல்போன் எண் எல்லாருக்கும் தெரிகிறதே?
– வாசகி, நாகர்கோவில்

வாட்ஸ்அப் குழுவில் தெரியத்தான் செய்யும். அறிமுகமில்லாதவர்களோடு ஆட டெலிகிராம் மேல். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், தொலைபேசி எண்ணை யார் பார்க்கலாம் என்பதில் 'யாருமில்லை' என்று வையுங்கள். பயனர் பெயரில் பிறந்த ஆண்டையோ ஊரையோ சேர்க்காதீர்கள்.

'உங்கள் முதல் பள்ளி, முதல் செல்லப்பிராணி, செல்லப்பெயர் சொல்லுங்கள்' என்று விளையாட்டாகக் கேட்கிறார்கள். சொல்லலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்கக் கேட்கப்படும் கேள்விகளும் இவையேதான். 'இரண்டு உண்மை, ஒரு பொய்' ஆடுங்கள். எதைச் சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கும்.

லூடோவில் பழகிய ஒருவர் 'பணம் வைத்து ஆடலாம், நான் சொல்லித் தருகிறேன்' என்கிறார். நல்லவராகத்தான் தெரிகிறார்.
– வாசகர், ஈரோடு

நல்லவராகத் தெரிவதுதான் அந்தத் தொழிலின் மூலதனம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதை 2025-ம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆகவே இந்த அழைப்பைத் தாட்சண்யமில்லாமல் மறுக்கலாம். ஓரிரு நாளிலேயே வேறு செயலிக்கு இழுப்பது, வீடியோவில் முகம் காட்ட மறுப்பது, சுங்கத்தில் பரிசுப் பொட்டலம் நிற்கிறது என்பது, கிரிப்டோ லாபம் காட்டுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பேச்சை நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும். அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினாலும் பணம் தராதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துப் புகார் செய்யுங்கள்.

மகனுக்குப் பத்து வயது. செஸ் ஆடட்டும், முன்பின் தெரியாதவர்களோடு பேச வேண்டாம் என்று நினைக்கிறேன்.
– வாசகி, தஞ்சாவூர்

லிசெஸ்ஸில் அவன் கணக்கின் அமைப்புகளில் 'கிட் மோட்' இருக்கிறது. அதைப் போட்டால் அரட்டை, செய்தி எல்லாம் நின்று ஆட்டம் மட்டும் இருக்கும்.

எனக்கு விளையாட்டில் நாட்டமில்லை. தபால்தலை சேர்ப்பேன். எனக்கும் வழி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

முன்பின் தெரியாதவர்களோடு தபால் அட்டை பரிமாறிக்கொள்ளும் போஸ்ட்கிராஸிங் தளம் உங்களுக்கென்றே இருக்கிறது. 2005-ல் போர்ச்சுகலில் தொடங்கியது. முகவரி கேட்டால் உலகின் ஏதோ ஒரு மூலையிலுள்ள உறுப்பினரின் முகவரியும் ஓர் அடையாள எண்ணும் தருவார்கள். அட்டை போய்ச் சேர்ந்து அவர் அந்த எண்ணைப் பதிந்ததும் உங்கள் முறை வரும். வேறொருவர் உங்களுக்கு அனுப்புவார். தொடக்கத்தில் ஒரே சமயத்தில் ஐந்து அட்டைகள்தான் அனுப்ப முடியும்.

நீங்கள் அனுப்பியவரே உங்களுக்கு எழுதுவதில்லை என்பதால் தானாக நட்பு வளராது. அட்டையைப் பதியும்போது ஒரு நன்றிச் செய்தி எழுத இடமிருக்கும். 'நன்றி' என்று முடிக்காமல் ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். பதில் சுவாரசியமாக வந்தால் நேரடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள், அவர்களின் அறிமுகப் பக்கத்தை முதலில் படியுங்கள். உறையில்லாமல் அனுப்புங்கள், தபால்தலையில் முத்திரை விழும். அடையாள எண்ணை மட்டும் அட்டையில் இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஓரிடத்தில் முத்திரை மை விழுந்து மறைந்தாலும் இன்னோரிடத்தில் படிக்க முடியும்.