கையெழுத்துப் போட்ட பிறகு கேட்ட சத்தம்

கேள்வி: வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு கடைக்கு முன்னால் என் வேகன் ஆரை நிறுத்தியிருந்தேன். ரிவர்ஸ் எடுத்த வான் ஒன்று முன் இடது சில்லுப் பக்கமாகத் தட்டிவிட்டது. பார்த்தால் பம்பரில் கீறல் மட்டும்தான். வான்காரர் 15,000 ரூபா தந்து, "பம்பர் சேதத்துக்குப் பெற்றுக்கொண்டேன், இனிப் பிரச்சினை இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். சில நாளில், கார் திரும்பும்போது கட கடவென்று சத்தம். சில்லைத் தாங்கும் லோவர் ஆர்ம் வளைந்திருக்கிறது, ஒன்றேகால் இலட்சம் வரும் என்கிறது கராஜ். அவரோ "அதுதான் எழுதித் தந்துவிட்டீர்களே" என்று போனை வைத்துவிட்டார். மிச்சத்தைக் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆபத்து ஒருபுறமிருக்க, "சத்தம் கேட்டும் ஓட்டி, சேதத்தைக் கூட்டிக்கொண்டார்" என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் சிக்கல் அந்தத் துண்டுக் கடதாசிதான். இலங்கையில் இத்தகைய நட்டஈட்டுக்கு, ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. அதன்படி இணக்கமாக முடித்த விஷயத்தை மோசடி போன்ற வலுவான காரணமில்லாமல் கிளற விடமாட்டார்கள். "உள்ளே உடைந்தது அப்போது தெரியாது" என்று மட்டும் சொன்னால் போதாது. தெரியாததையும் சேர்த்துத்தானே இணங்கினீர்கள் என்பார்கள். உங்களுக்குக் கைகொடுப்பது "பம்பர் சேதத்துக்கு" என்ற சொற்கள். காசு பம்பருக்கு வாங்கியது, லோவர் ஆர்ம் அந்த இணக்கத்துக்குள் வரவே இல்லை என்று வாதிடலாம். "இனிப் பிரச்சினை இல்லை" என்பதைக் காட்டி அவர் எதிர்ப்பார். இரண்டுக்கும் இடமிருக்கிறது, வெற்றி நிச்சயம் என்று சொல்லமாட்டேன்.

அடுத்தது, வளைந்தது அந்தத் தட்டலில்தான் என்று காட்டுவது. கொழும்பு வீதிக் குழிகளைத் தெரிந்த எந்த நீதிபதிக்கும் வேறு காரணம் தோன்றும். ஆகவே கராஜில் வெறும் எஸ்டிமேட் வாங்காதீர்கள். எந்தப் பாகம், எந்தப் பக்கமிருந்து அடிபட்டு வளைந்தது, அடிபட்ட இடம் புதிதா, துருப்பிடித்துப் பழையதா என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தை வீட்டில் வையுங்கள், இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கடையில் கமரா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவுகள் அழிந்துகொண்டே போகும்.

உங்களிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் உடனே அறிவியுங்கள், கடதாசியையும் மறைக்காமல் காட்டுங்கள். உங்களுக்குக் கொடுத்த காசை வான்காரரிடம் அறவிடும் உரிமை கம்பனிக்கு உண்டு. அதை நீங்கள் எழுதிக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவர்கள் முரண்டு பிடிக்கலாம். வான்காரரின் பொலிசி சொத்துச் சேதத்துக்கு எவ்வளவு தரும் என்பதையும் விசாரியுங்கள்.

இவை கையில் வந்ததும் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். சரிவராவிட்டால், தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை. இந்த அளவு தொகைக்கு அங்கே போகாமல் நேரே புதுக்கடை நீதிமன்றத்துக்கு வர முடியாது. சபையில் எங்களைப் போன்ற சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது, உங்கள் பக்கத்தை நீங்களே பேச வேண்டும். இப்படிப்பட்ட தகராறுக்கு அதுவே நல்லது என்பேன். பாதித் தொகைக்கு அவர் இறங்கி வந்தால் தயங்காமல் பேசி முடியுங்கள். இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு வழக்குப் போடலாம். ஆனால் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, சேதம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.