எட்டு மாதமாகக் கிடக்கும் பெட்ரோலை ஜெனரேட்டரில் பயன்படுத்தலாமா? மீதியை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது?

சிறிய ஜெனரேட்டரின் டேங்கில் பாதியும், தனியாக ஒரு கேனில் சில லிட்டரும் எட்டு மாதமாகக் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்குள் அனுப்பும் பாகம்) உள்ள இயந்திரம், பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்திருக்கிறது, அவசரத்துக்கு மட்டுமே அதை ஓட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். டேங்கில் இருப்பதை வடித்துவிடுங்கள். அதை வைத்து ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். கேனில் இருப்பதைச் சோதித்த பிறகு முடிவு செய்யலாம். நான் மெக்கானிக் அல்லன். ஆனால் இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை இன்னும் நினைவில் இருப்பதால் எழுதுகிறேன்.

என் தந்தைக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்த காலத்தில், ஆக்சிஜன் செறிவூட்டும் கருவி இரவு முழுவதும் ஓட வேண்டியிருந்தது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் ஜெனரேட்டர் வாங்கினோம். வாங்கிய வாரத்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, டேங்கில் பாதிப் பெட்ரோலோடு மூடி வைத்தேன். பதினோரு மாதம் கழித்து ஒரு புயல் இரவில் மின்சாரம் போனது. தோள் மரத்துப்போகும் வரை கயிற்றை இழுத்தும், சோக்கை (உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் மூடியை) மூடியும் திறந்தும் பார்த்தும் இயந்திரம் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. கையிருப்பில் ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் இருந்ததால் விடியும் வரை தாக்குப்பிடித்தோம். அதன் அழுத்தமானியின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரவை நான் மறக்கப்போவதில்லை.

மறுநாள் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். தீப்பொறி தரும் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மாற்றி, ஓட்டிக் காட்டி, பணம் வாங்கிக்கொண்டார்கள். "கடைசியாக எப்போது பெட்ரோல் ஊற்றினீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கழற்றிய பாகங்களையும் திருப்பித் தரவில்லை. இதை இங்கே சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்கலாம், சொல்லத்தான் வேண்டும். மாற்றப்பட்ட பாகம் உண்மையிலேயே கெட்டதா என்பதைப் பார்க்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. நான் அதைக் கேட்டு வாங்கியிருந்தால், பிளக்கில் குறையில்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டு நாளில் பழைய தொல்லை திரும்பியது. சோக் போட்டால் மட்டும் இயந்திரம் பிடித்தது, வேகம் தானாக ஏறி ஏறி இறங்கியது, சோக்கைத் திறந்ததும் நின்றுபோனது. தேவையான அளவு பெட்ரோல் உள்ளே போகவில்லை என்பதற்கான அடையாளம் இது. அதன்பிறகு நானே கார்புரேட்டரைக் கழற்றினேன். அதில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறத்தில் பிசின்போல ஒரு படலம் இருந்தது. பித்தளைப் பாகங்களில் பச்சை பூத்திருந்தது. பெட்ரோலை அளந்து விடும் பைலட் ஜெட்டின் துளை ஊசிமுனையைவிடச் சிறியது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது அதில் ஒளியே வரவில்லை. சுத்தம் செய்யும் திரவத்தில் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய செப்புக் கம்பியின் ஒற்றை இழையால் தொட்டு, காற்றடித்துத் திறந்தேன். (எஃகுக் கம்பியால் குத்தாதீர்கள்; துளை பெரிதாகிவிட்டால் கலவை நிரந்தரமாக மாறிவிடும்.) புதிய பெட்ரோல் ஊற்றியதும் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா படுக்கையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினார்.

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. எளிதில் ஆவியாவதும் மெதுவாக ஆவியாவதுமான பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. குளிர்ந்த இயந்திரம் முதல் இழுப்பில் பிடிப்பதற்கு எளிதில் ஆவியாகும் பகுதிதான் உதவுகிறது. காற்றுத் துளை உள்ள டேங்கில் கிடக்கும்போது முதலில் வெளியேறுவதும் அதுவே. மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது. இத்தோடு எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், மிதமான வெப்பநிலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி நீரைத்தான் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அந்த அளவு மீறினாலோ, நீர் சேர்ந்த பெட்ரோல் நன்றாகக் குளிர்ந்தாலோ, எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வழியும் அடியில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தப் பிரிவை நான் கண்ணால் பார்த்தேன். கேனில் மீதியிருந்ததைக் கொஞ்சம் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அசையாமல் வைத்தபோது, அடியில் விரற்கடை உயரத்துக்குக் கலங்கலாக ஒரு அடுக்கு தெளிவாகக் கோடு போட்டு நின்றது. மேலே இருந்தது நன்றாகத்தான் இருக்கிறது, டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து புல்வெட்டியில் ஊற்றித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். பல ஆண்டுகள் இயந்திரங்களோடு வேலை செய்த என் சித்தப்பா அப்போது பக்கத்தில் இருந்தார். "வேண்டாம்பா. நீ ஊற்றுகிற எண்ணெய் மேலே இருக்கும் பெட்ரோலோடு மட்டும்தான் சேரும். அடியில் இருப்பது எண்ணெயே இல்லாமல் உள்ளே போனால் பிஸ்டன் அசையாமல் இறுகிப்போகும்" என்றார். "அப்படியென்றால் மேலே இருப்பதை மட்டும் எடுக்கலாமா, சித்தப்பா?" என்று கேட்டேன். எத்தனால் பிரிந்துபோன பெட்ரோலின் ஆக்டேன் அளவும் (நேரத்துக்கு முன்பே தானாக எரியாமல் தாக்குப்பிடிக்கும் திறனும்) குறைந்திருக்கும் என்று விளக்கி, அதையும் தடுத்துவிட்டார். டூ ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு உயவு முழுவதும் பெட்ரோலில் கலந்த எண்ணெய் வழியாகவே கிடைக்கிறது. ஆகவே உங்களிடம் மரம் அறுக்கும் ரம்பமோ புல்வெட்டியோ இருந்தால், பழைய பெட்ரோலை அவற்றில் தீர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

"ஒரு வருடப் பெட்ரோலில் என் கார் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை" என்று கீழே யாராவது எழுதக்கூடும். ஓடியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. இன்றைய கார்களின் எரிபொருள் அமைப்பு கிட்டத்தட்ட மூடப்பட்டது. உயர் அழுத்தத்தில் பெட்ரோலைச் செலுத்துகிறது. கலவையைக் கணினி திருத்திக்கொள்கிறது. சிறிய கார்புரேட்டர் இயந்திரத்துக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு மற்றவர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

உங்கள் கேனில் இருப்பதையும் இதுபோல் கண்ணாடிக் குடுவையில் பாருங்கள். அடுக்கு பிரிந்திருந்தாலோ, நிறம் கருத்திருந்தாலோ, வார்னிஷ்போலப் புளித்த நெடி அடித்தாலோ அது எந்த இயந்திரத்துக்கும் ஆகாது. அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுவது நிலத்தடி நீரைக் கெடுக்கும், தீப்பிடிக்கவும் காரணமாகும். தெளிவாகவும் வழக்கமான வாசனையோடும் இருந்தால், ஒரு பங்குக்கு ஐந்து பங்காவது புதிய பெட்ரோல் சேர்த்து, அன்றாடம் ஓடும் வாகனத்தில் தீர்த்துவிடலாம். அவசரத்துக்கு நம்பியிருக்கும் ஜெனரேட்டரில் இதை ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

சேமிப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெட்ரோல் உறைகுளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை வெளியிடும். அதன் தீப்பற்று நிலை ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து சென்று, பக்கத்து அறையிலுள்ள அடுப்பையோ எரிவாயு வெந்நீர்க் கருவியையோ எட்டும். எனவே கேனை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. வீட்டோடு ஒட்டாத, நிழலும் காற்றோட்டமும் உள்ள, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காலியான கேன் ஆபத்தில்லாதது என்று எண்ணாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவியும் காற்றும் தீப்பொறிக்குக் காத்திருக்கும் கலவை. பெட்ரோலுக்கென்றே தயாரித்த கேனை மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்ததைக் குடிநீர் என்று நினைத்துக் குழந்தைகள் குடித்துவிடும் அபாயம் உண்மையானது. நிரப்பும்போது கேனைத் தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடி நிரப்ப வேண்டும்; வண்டிக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி உண்டாகலாம். விரிவடைய இடம் வேண்டும் என்பதால் கழுத்து வரை நிரப்பாதீர்கள். வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டவரம்பு உண்டு; அதையும் பாருங்கள்.

இப்போது நான் கேனில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுகிறேன். மூன்று மாதத்துக்குமேல் எதையும் வைத்திருப்பதில்லை, தேதி நெருங்கும்போது வாகனத்தில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன். பெட்ரோலை நிலைப்படுத்தும் திரவத்தை (ஸ்டெபிலைசர்), பெட்ரோல் வாங்கிய அன்றே அதில் கலக்கிறேன். கெட்டுப்போனதை அது மீட்டுத் தராது. கெடுவதைத் தள்ளிப்போட மட்டுமே உதவும்.

டேங்கை வடிக்கும்போது இயந்திரம் முழுவதும் ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளியில் செய்ய வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். சில துளிகள் நுரையீரலுக்குள் போனாலே கடும் அழற்சி வரும். கையால் அழுத்தும் பம்ப் போதும். டேங்க் காலியானதும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகையும் தளர்த்தி அங்கே நிற்பதையும் வெளியேற்றுங்கள், ஏனெனில் ஜெட்டை அடைத்தது டேங்கில் இருந்ததைவிட அந்தக் கிண்ணத்தில் தங்கிய சிறிதளவு பெட்ரோல்தான்.