1911 பிஸ்டல்: கைக்குப் பொருந்த, தடங்கலின்றி ஓட — வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலும், அதே அச்சில் இன்று பல நிறுவனங்கள் செய்யும் பிஸ்டல்களும் பற்றி வந்த கேள்விகள் இவை. உரிமத்தோடு வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் பதில்கள். எந்த வேலைக்கும் முன்னால் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றுங்கள், ஸ்லைடை (குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் பகுதியை) இழுத்துப் பிடியுங்கள், சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பாருங்கள். மேகசினை எடுக்காமல் ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், ஆகவே வரிசை மாறக் கூடாது. வேலை செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்க வேண்டாம்.

என் கை சிறியது. விரல் நுனிதான் ட்ரிகரில் படுகிறது. எதை மாற்றுவது?

முதலில் அளந்து பாருங்கள். காலி பிஸ்டலைப் பிடித்து, குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் உள்ள சதைப்பகுதியின் நடு, ட்ரிகரின் மேல் உட்கார வேண்டும். எட்டுவதற்காகப் பிஸ்டலைக் கையில் திருப்பிப் பிடிக்கிறீர்கள் என்றால், பின்னுதைப்பு உள்ளங்கையில் இறங்காமல் கட்டைவிரல் அடிமூட்டில் இறங்கும். வலிக்கும், குறியும் விலகும்.

இந்தக் குறை பழையதுதான். முதல் உலகப் போரின் அனுபவத்துக்குப் பிறகு, 1920-களில் வந்த 1911ஏ1 வடிவில் ட்ரிகரைக் குட்டையாக்கினார்கள், ட்ரிகருக்குப் பின்னால் ஃபிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டத்தின்) இரு பக்கமும் விரல் படியும்படி குடைந்தார்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது ‘ஷார்ட்’ ட்ரிகர். ஆனால் அதற்கு முன் மலிவான வழியைப் பாருங்கள்: மெல்லிய கிரிப் பலகைகள். வழக்கமான பலகை ஒன்று சுமார் 6 மி.மீ. கனம். மெல்லியதைப் போட்டால் பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. அளவில் குறையும். இரண்டு பக்கமும் சேர்ந்து 3 மி.மீ. என்பது சிறிய கைக்குப் பெரிய வித்தியாசம்.

மெல்லிய கிரிப்பில் தவறு நடப்பது திருகில்தான். பல மெல்லிய கிரிப்புகளுக்குக் குட்டை புஷிங்கும் (ஃபிரேமில் ஏறி, திருகைத் தாங்கும் மரைக்குழாயும்) குட்டைத் திருகும் தேவை. பழைய நீளத் திருகையே போட்டால் அதன் முனை மேகசின் போகும் வழியில் எட்டிப் பார்க்கும், மேகசின் தானாக விழாமல் உரசி நிற்கும். புஷிங்கின் மரை மிக நுண்ணியது. கோணலாக ஏற்றினால் ஃபிரேமின் மரையே போய்விடும். கையால் இடப்பக்கமாகச் சுற்றி, மரை ‘டக்’கென்று பொருந்துவதை உணர்ந்த பிறகு வலப்பக்கம் ஏற்றுங்கள். கழற்றக்கூடிய வகை மரைப்பசை ஒரு சொட்டு புஷிங்கின் வெளிமரைக்கு மட்டும் போதும், திருகுக்கு வேண்டாம். திருகு கையில் நின்ற பிறகு கால் சுற்று கொடுத்தால் முடிந்தது. வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

ட்ரிகரையே மாற்றுவதானால் ஹேமர் (சுட அடிக்கும் சுத்தி), சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் துண்டு), டிஸ்கனெக்டர் (ஸ்லைடு முழுதாக மூடாதபோது ட்ரிகரை சியரிலிருந்து பிரிக்கும் துண்டு) எல்லாம் வெளியே வர வேண்டும். புதிய ட்ரிகர் ஃபிரேமைச் சாய்த்தால் தன் எடையிலேயே முன்னும் பின்னும் ஓட வேண்டும். ட்ரிகரில் குட்டி ஓவர்டிராவல் திருகு (ஹேமர் விடுபட்டபின் ட்ரிகர் மேலும் பின்னால் போவதை நிறுத்துவது) இருந்தால் அதை இறுக்கிவிடாதீர்கள். சியர் முழுதாக விலக இடமில்லாமல் போனால், ஹேமர் விழும்போது அதன் பாதி வெட்டு (ஹேமரை நடுவழியில் நிறுத்தும் பள்ளம்) சியரின் நுனியில் மோதி இரண்டையும் கெடுக்கும்.

பின்பக்கத்து மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் (ஹேமரின் ஸ்பிரிங்கை வைத்திருக்கும் கைப்பிடித் துண்டு) தட்டையா, வளைவா என்பது நீளத்தைவிடக் கோணத்தையே மாற்றும். கண்ணை மூடிப் பிஸ்டலை உயர்த்தி, திறந்து பாருங்கள். முனை மேலே நிற்கிறதென்றால் தட்டையானதும், கீழே நிற்கிறதென்றால் வளைவானதும் உங்களுக்குப் பொருந்தும்.

சுட்டபின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் தோல் கிழிகிறது.

ஹேமரின் வால் பின்னால் வரும்போது குட்டை கிரிப் சேஃப்டியோடு (உள்ளங்கை அழுத்தினால் மட்டுமே சுட விடும் கைப்பிடித் தடுப்போடு) சேர்ந்து சதையைக் கவ்வுகிறது. வட்டத் துளையுள்ள சிறிய ஹேமரும் அகலமான வால் வைத்த கிரிப் சேஃப்டியும் சேர்ந்தால் தீரும். ஆனால் நல்ல பொருத்தத்துக்கு ஃபிரேமின் பின்முனையைக் குறிப்பிட்ட வளைவில் வெட்ட வேண்டும். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. வெட்டாமல் பொருந்தும் வகையும் உண்டு, கொஞ்சம் இடைவெளி தெரியும், வேலை செய்யும்.

கட்டைவிரலைப் பக்கவாட்டுச் சேஃப்டி நெம்பின் மேல் உயர்த்தி வைக்கும்போது உள்ளங்கை குழிந்து, கிரிப் சேஃப்டி அழுந்தாமல் போகிறதா? அடியில் மேடு வைத்த வகையை வாங்குங்கள். டேப் சுற்றியோ பின் அடித்தோ அதை முடக்க வேண்டாம்.

சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஸ்லைடில் நிமிர்ந்து மாட்டிக்கொள்கிறது. சில கூடுகள் நெற்றியில் வந்து அடிக்கின்றன.

மேகசினையும் தோட்டாவையும் மாற்றிப் பார்த்தாயிற்று, மணிக்கட்டையும் தளர்த்தவில்லை என்றால், அடுத்த சந்தேகம் எக்ஸ்ட்ராக்டர், கூட்டைக் கவ்வி வெளியே இழுக்கும் கொக்கி. இந்தப் பிஸ்டலில் அது தனி ஸ்பிரிங் இல்லாத ஒரே நீளத் துண்டு, அதன் வளைவுதான் ஸ்பிரிங். வளைவு போனால் பிடி போகும்.

ஸ்லைடைத் தனியே எடுங்கள். ஃபயரிங் பின்னை (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை) உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் ஸ்டாப் தகட்டைக் கீழே தள்ளிக் கழற்ற வேண்டும். விரலால் மூடாவிட்டால் பின் பாய்ந்து வெளியே வரும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எக்ஸ்ட்ராக்டரை உருவி, அது இருந்த குழாயைத் துடையுங்கள். அங்கே படியும் கரித்தூள்கூடப் பிடியைக் கெடுக்கும். கொக்கியின் முனை உடைந்திருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். கொக்கியின் கீழ் உள்மூலை லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், அந்தச் சாய்வில்தான் தோட்டா விளிம்பு மேலே ஏறுகிறது.

எக்ஸ்ட்ராக்டரை மாட்டி, ஃபயரிங் பின் ஸ்டாப்பையும் போட்டபிறகு, உண்மை எடையுள்ள, மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் மூடியும்) இல்லாத போலித் தோட்டாவின் விளிம்பைக் கீழிருந்து கொக்கிக்குள் ஏற்றுங்கள். குறை எந்தப் பக்கம் என்று கை சொல்லிவிடும். ஸ்லைடை மெல்ல ஆட்டினாலும் தோட்டா தொங்கி நிற்க வேண்டும். ஆட்டாமலே விழுந்தால் பிடி தளர்வு. கட்டைவிரலால் அழுத்தித் தள்ளித்தான் ஏறுகிறது என்றால் பிடி அதிகம், அப்போது கூடு வெளியேறும், புதுத் தோட்டாதான் முழுதாக ஏறாது. தளர்வு என்றால் எக்ஸ்ட்ராக்டரின் முன்முனையை அதன் குழாயின் பின்வாயில் ஒரு செ.மீ. அளவு நுழைத்து, குழலின் மையத்தை நோக்கி வளையும்படி மிக மெல்ல அழுத்துங்கள். மீண்டும் மாட்டிச் சோதியுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தாலும் பிடி நிற்கவில்லையென்றால் அந்த உலோகத்தில் ஸ்பிரிங் குணமில்லை. ஸ்பிரிங் எஃகுக் கம்பியிலிருந்து கடைந்த எக்ஸ்ட்ராக்டரை வாங்குங்கள்.

ஒரு கூடு வலப்பக்கம், அடுத்தது தலைக்கு மேல், அதற்கடுத்தது முன்னால் என்று சிதறினால், எக்ஸ்ட்ராக்டர் தன் குழாயில் சுழல்கிறது என்று பொருள். ஃபயரிங் பின் ஸ்டாப் தளர்வாக இருப்பதே காரணம். இறுக்கமான ஸ்டாப்பை அளந்து பொருத்தினால் நிற்கும்.

எக்ஸ்ட்ராக்டரைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு: சேம்பரில் கையால் ஒரு தோட்டாவைப் போட்டு ஸ்லைடை விடுவது. கொக்கி விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக அது செய்யப்படவில்லை. எப்போதும் மேகசினிலிருந்தே ஏற்றுங்கள்.

ஸ்லைடு கடைசி 2 மி.மீ. மூடாமல் நிற்கிறது.

விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு, பின்புறம் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் மூடுகிறதா? அப்படியானால் சேம்பர் அழுக்கு, இறுகிய எக்ஸ்ட்ராக்டர், களைத்த ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னால் தள்ளுவது) என்ற வரிசையில் பாருங்கள். தள்ளியும் மூடவில்லையென்றால் அடித்து மூடாதீர்கள், தோட்டாவை வெளியே எடுங்கள். முந்தைய சுடலின் சத்தம் மந்தமாக இருந்திருந்தால், குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். குழலைக் கழற்றி ஊடே பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

மறுநிரப்புத் தோட்டா (பழைய கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் வைத்தது) என்றால் குழலைக் கழற்றி அதில் ஒன்றைப் போடுங்கள். ‘டக்’கென்று உட்கார்ந்து, குழலைக் கவிழ்த்ததும் தானே விழ வேண்டும். இந்தப் பிஸ்டலின் .45 ஏசிபி தோட்டா தன் கூட்டு வாயின் விளிம்பில்தான் சேம்பரில் நிற்கிறது. வாய் விரிந்தே இருந்தால் முழுதாக இறங்காது, உள்ளே அமுக்கிவிட்டால் நிற்கும் இடம் தப்பும். வாயின் வெளிவிட்டம் சுமார் 11.95 மி.மீ. வரும்படி கிரிம்ப் செய்யுங்கள், அதாவது வாயை இறுக்குங்கள். மொத்த நீளம் 32.39 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

தோட்டா பாதி ஏறி, சாய்ந்த நிலையில் இறுகி நின்றால் கதை வேறு. தோட்டா ஏறிப்போகும் ஃபிரேமின் சரிவுக்கும் குழலின் சரிவுக்கும் நடுவே சுமார் 0.8 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், குழல் முன்தள்ளி இருக்க வேண்டும். குழலின் உதடு பின்னால் துருத்தினால் குண்டு அதில் முட்டும். சரிவை அரத்தாலும் சுழல்கருவியாலும் தேய்க்கும் ஆசையை அடக்குங்கள். கோணம் மாறிய ஃபிரேமைத் திருப்பி வாங்க முடியாது.

கடைசித் தோட்டா தீர்ந்தும் ஸ்லைடு திறந்து நிற்பதில்லை. சில சமயம் தோட்டா இருக்கும்போதே நின்றுவிடுகிறது.

மேகசின்களின் அடியில் எண் எழுதுங்கள். தடங்கல் வரும்போதெல்லாம் எண்ணைக் குறியுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் பிஸ்டலைத் தொட வேண்டியதே இல்லை. களைத்த ஸ்பிரிங் ஃபாலோயரை (மேகசினில் தோட்டாக்களைத் தாங்கும் தட்டை) மேலே தள்ளாது, ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்பு) எழும்பாது. 7 தோட்டாவுக்கான உயரத்தில் 8 அடைக்கும் மேகசின்களில் ஸ்பிரிங்குக்கு இடம் குறைவு, அவை சீக்கிரம் களைக்கும். அலுமினிய ஃபிரேம் வைத்திருப்பவர்கள் ஃபாலோயரின் முன்விளிம்பு சரிவைக் கொத்துகிறதா என்றும் பாருங்கள்.

முன்கூட்டியே நிற்பதற்கு இரண்டு காரணம்: உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப்பைத் தட்டுகிறது, அல்லது குண்டின் தோள் ஸ்டாப்பின் உள்நாக்கை உரசுகிறது. விரலை விலக்கிச் சுட்டும் தொடர்ந்தால் இரண்டாவதுதான். நாக்கில் குண்டின் உலோகத் தடம் தெரியும்.

பின்னுதைப்பைக் குறைக்க 20 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் போடலாமா? அதிர்ச்சி தாங்கும் பஃபர் வளையம் உதவுமா?

5 அங்குலக் குழல் .45-க்கு 16 பவுண்டு, 4.25 அங்குலத்துக்கு 18 என்பது வழக்கம். கனமான ஸ்பிரிங் பின்னால் போவதைத் தணிக்கும், ஆனால் அந்த வேகத்தை முன்னால் வரும்போது திருப்பித் தரும். முனை கீழே குனியும், மேகசின் அடுத்த தோட்டாவை உயர்த்துவதற்குள் ஸ்லைடு கடந்துவிடும். உதைப்பு உறுத்தினால் 230 கிரெயின் எடையுள்ள குண்டுக்குப் பதிலாக 185 அல்லது 200 கிரெயின் மிதமான தோட்டாவுக்குப் போங்கள், ஸ்பிரிங்கை அதற்கேற்பக் குறையுங்கள், கூடு ஒன்றிரண்டு மீட்டரில் விழும்படி. வெகுதூரம் பறந்தால் ஸ்பிரிங் தளர்வு. முழுநீள பிஸ்டலில் 2,000 முதல் 3,000 சுடலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். 3 அங்குலக் குட்டைகளில் அதைவிட மிக முன்பே.

பஃபர் வளையம் ஸ்லைடின் பின்பயணத்தைச் சுமார் இரண்டரை மி.மீ. குறைக்கும். பிய்ந்தால் துண்டுகள் உள்ளே சிக்கும். பயிற்சிக் களத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் எங்கே, எவ்வளவு?

ஸ்லைடு தண்டவாளம் பக்கத்துக்கு ஒரு சொட்டு. குழலின் முன்முனையில், அதைத் தாங்கும் புஷிங் (கிரிப் திருகின் புஷிங் அல்ல) உரசும் வளையம், குழலின் மேல் முதுகும் பூட்டுப் பற்களும், டிஸ்கனெக்டரின் தலை — இவற்றில் மெல்லிய பூச்சு. உலோகம் பளபளவென்று தேய்ந்து தெரியும் இடமெல்லாம் எண்ணெய் கேட்கும் இடம். ஃபயரிங் பின் ஓடும் குழாயிலும் சேம்பரிலும் எண்ணெய் வேண்டாம்.

ட்ரிகரை நானே உப்புத்தாளில் தேய்த்து, இழுக்கும் விசையை 2 பவுண்டுக்குக் கொண்டுவரலாமா?

கூடாது. ஹேமரின் கொக்கி அரை மி.மீ. அளவே உயரம். அதில் கோணம் பிசகினால் ஸ்லைடு மூடும் அதிர்ச்சியிலேயே ஹேமர் விழும், கேட்காமலே இரண்டாவது தோட்டா வெடிக்கும். அனுபவமுள்ள கை 4 பவுண்டு அருகில் சுத்தமாக விடும்படி செய்து கொடுத்தால் அதுவே போதுமானது.

யார் வேலை செய்தாலும், திரும்ப வந்ததும் காலியாக, பாதுகாப்பான திசையில் இவற்றைச் சோதியுங்கள். ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள். பிறகு சேஃப்டியை இறக்கும்போது ஹேமர் அசையக் கூடாது, காதை அருகே வைத்து மெல்லப் பின்னிழுத்தால் ‘டிக்’ சத்தமும் வரக் கூடாது. வந்தால் சியர் நகர்ந்திருக்கிறது. கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் ட்ரிகரை இழுத்தும் இதே சோதனை. ஸ்லைடைச் சற்றே பின்னிழுத்துப் பிடித்து ட்ரிகரை அழுத்தினால் ஹேமர் விழக் கூடாது. ஒன்றில் தவறினாலும் தோட்டா ஏற்ற வேண்டாம்.

நான் இடக்கை. இந்தப் பிஸ்டல் எனக்கு ஒத்துவருமா?

வரும். இருபக்கச் சேஃப்டி மட்டும் அவசியம். மேகசின் பட்டனையும் ஸ்லைடு ஸ்டாப்பையும் இடக்கையின் ஆள்காட்டி விரலே எட்டும். சில வகைகளில் வலப்பக்க நெம்பு கிரிப் பலகையின் அடியில் நாக்கு வைத்து நிற்கும். அந்தப் பலகைக்கு உரிய வெட்டு வேண்டும், வாங்கும்போது கேளுங்கள்.

வீட்டில் வைக்கும்போது ஹேமரை இறக்கி வைப்பதா?

சேம்பரில் தோட்டா இருக்கும்போது கட்டைவிரலால் ஹேமரை இறக்கவே இறக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கினால் வெடிக்கும். பழைய வடிவில் ஃபயரிங் பின்னுக்குத் தடுப்பு கிடையாது. கோல்ட் நிறுவனம் 1983-இல் தொடங்கிய 80 வரிசையில்தான் ட்ரிகர் விலக்கும் தடுப்பு வந்தது. ஹேமரின் பாதி வெட்டும் சேஃப்டி அல்ல.

மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, ஹேமரை இறக்கி, பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். தோட்டாக்களுக்கு வேறு பூட்டு, வேறு இடம். தோல் உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உறை தொட்ட இடத்தில் முதலில் துரு பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பையோடு வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.