மலைகள் பிரித்ததால்தான் தென்னிந்தியத் தீபகற்பத்தில் இத்தனை மொழிகள் தோன்றினவா?

பாதி உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கி.மீ. நீளத்துக்கு அரபிக் கடலோரமாக நிற்பதால், மேற்குக் கரையும் உள்நாடும் வெவ்வேறு வாழ்க்கைமுறைகளைக் கொண்டு வளர்ந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால், மலை தடுத்த இடங்களைப் போலவே வழிவிட்ட இடங்களையும் பார்த்தால்தான் இந்தத் தீபகற்பத்தின் வரலாறு விளங்கும். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாழும் தமிழன். எங்கள் ஊர் அப்படி வழிவிட்ட பாலக்காட்டுக் கணவாய்க்குள்ளேயே இருக்கிறது.

தீபகற்பம் மேற்கில் உயர்ந்து கிழக்கே சரிந்திருப்பதால்தான், அரபிக் கடலுக்கு 80 கி.மீ. தொலைவில் திரியம்பகத்தில் பிறக்கும் கோதாவரி, 1,465 கி.மீ. ஓடி வங்கக் கடலைச் சேர்கிறது. கிருஷ்ணாவும் காவிரியும் அப்படியே. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் மட்டும் மலைத்தொடர் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு அறுந்து, தரை தாழ்ந்து கிடக்கிறது. கோவையின் நொய்யல் கிழக்கே காவிரிக்குப் போக, பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு மேற்கே திரும்பிப் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலை அடைகிறது. இரண்டுக்கும் நடுவே மலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

மழைதான் இங்கே உண்மையான எல்லை. பாலக்காட்டு நகரத்திலிருந்து கிழக்கே வர வர, மழையும் நெல்வயலும் குறைந்து பனைமரங்கள் நிறைகின்றன. எங்கள் பக்கத்தில் மண்ணே கறுத்து, கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கேரளத்தில் கரிசல் மண் இருக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. நிலக்கடலை, சோளம், மாரியம்மன் நோம்பி (திருவிழா) என எங்கள் வாழ்க்கை கொங்கு நாட்டை ஒத்திருப்பதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

இப்போது மொழிக்கு வருகிறேன். மலை என்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் சங்ககாலச் சேரர் மேற்குக் கரையையும் கரூர்ப் பகுதியையும் சேர்த்தே ஆண்டனர்; கரூருக்கு அருகே புகலூரில் சேர மன்னர் மூன்று தலைமுறையினரைக் குறிப்பிடும் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துக் கல்வெட்டு உள்ளது. நொய்யல் கரையில் கொடுமணலில் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளும், அதே ஆற்றோரம் வெள்ளலூரில் ரோமானிய நாணயங்களும், மேற்கே பண்டைய முசிறித் துறைமுகம் இருந்த இடமாகப் பலர் கருதும் பட்டணம் என்ற ஊரில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும் கிடைத்திருப்பதைப் பார்க்கும்போது, இந்தக் கணவாய் வழியே நடந்த போக்குவரத்து நன்றாகப் புரிகிறது. மலையாளத்தின் தனிப்போக்கு கல்வெட்டுகளில் தெரியத் தொடங்குவது சுமார் 9ஆம் நூற்றாண்டில்தான். ஏறக்குறைய அதே காலத்தில் கொங்கு நாடு சோழர் வசமாக, மேற்கே மகோதயபுரத்துச் (இன்றைய கொடுங்கல்லூர்) சேரர் தனியாட்சி நடத்தினர். மொழி பிரிந்ததில் மலையைவிட ஆட்சிப் பிரிவுக்கே பங்கு அதிகம் என்று நான் கருதுவது இதனால்தான். தெலுங்குக்கும் தமிழுக்கும் நடுவே பெரிய மலைச்சுவர் ஏதும் இல்லையே. திருத்தணி ஆந்திரத்தைச் சேர்ந்ததா தமிழகத்தைச் சேர்ந்ததா என்பது 1960இல்தான் முடிவானது.

கணவாய் அதன் பிறகும் ஆட்களை இங்குமங்கும் கொண்டு சேர்த்தபடியே இருந்தது. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கல்பாத்தியில் அக்கிரகாரம் அமைத்தார்கள். கன்னடம் பேசும் தேவாங்கர்கள் தறியோடு வந்தார்கள். ராவுத்தர்கள் வணிகத்தோடு வந்தார்கள். 1766இல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டியதற்கும், சென்னையிலிருந்து கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள பேப்பூருக்கு 1862இல் இருப்புப்பாதை இவ்வழியே போனதற்கும் காரணம் இந்தத் தாழ்ந்த தரைதான்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி எல்லை வகுத்தபோது, முன்பு கொச்சி அரசில் இருந்த சித்தூர் வட்டம் கேரளத்தில் சேர்ந்தது. இன்று வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் கள் இறக்கலாம். அந்தப் பக்கம் 1987 முதல் தடை. ஆற்றுக்கு மட்டும் அந்தக் கோடு பொருந்தவில்லை. இரு மாநிலங்களும் ஆற்றுநீரைப் பகிரச் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையோர மணக்கடவில் தமிழகம் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டிஎம்சி நீர் விட வேண்டும். அது குறைகிற ஆண்டில், இரு மாநிலத்து அதிகாரிகளும் பேசி முடிக்கும்வரை, சித்தூர் வட்டத்து உழவர்கள் நாற்று விடுவதா வேண்டாமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.