முதலில் சேனல், அப்புறம் பெட்டி: டிராயர் கேள்வி பதில்

கேள்வி: மேசைக்கு மூன்று டிராயர் செய்யப் போகிறேன். பெட்டியின் அகலத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: டிராயர் ஓடும் இரும்புத் தண்டவாளம், அதாவது சேனல், வாங்கியாகிவிட்டதா? இல்லையென்றால் ரம்பத்தைக் கீழே வையுங்கள். பக்கவாட்டில் பொருத்தும் பால் பேரிங் சேனல் (சிறு குண்டுகள் மேல் ஓடுவது) பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம் இடம் கேட்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 25.4. டிராயர் நுழையும் கூட்டின் உள் அகலம் 450 என்றால் பெட்டியின் வெளி அகலம் 424.6. நான் 424 என்றே அறுப்பேன். அரை மி.மீ. குறைந்தால் சேனலுக்குப் பின்னால் மெல்லிய அட்டையைப் பேக்கிங் கொடுத்துவிடலாம். கூடினால்தான் வம்பு. பெட்டியை இழைக்க வேண்டும், பிளைவுட்டாக இருந்தால் மேல் ஏடு போய்விடும்.

கூட்டை முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் அளந்து சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் அலமாரிக்கு நான்கு பெட்டிகளையும் ஒட்டி வார்னிஷும் அடித்த பிறகுதான் சேனல் வாங்கப் போனேன். அந்த நான்கிலும் இப்போது ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கின்றன.

கேள்வி: கூட்டின் உள் ஆழம் 480 மி.மீ. எந்த நீளச் சேனல்?

பதில்: 450. சேனல்கள் பொதுவாக 50 மி.மீ. படியாகத்தான் வரும். டிராயரின் முகப்புப் பலகை கூட்டுக்குள் அடங்குவதாக இருந்தால் அதன் தடிமனையும் கழிக்க வேண்டும். 18 மி.மீ. பலகை என்றால் 462 மிஞ்சும், அப்போதும் 450தான்.

கேள்வி: சிறு சக்கரத்தில் ஓடும் ரோலர் சேனல் போதுமா?

பதில்: துணி, காகிதம் வைக்கப் போதும். ஆனால் அது முக்கால் பங்குதான் வெளியே வரும். பின்னால் கிடப்பதைக் கைவிட்டுத் துழாவ வேண்டும். கருவிகள் வைப்பதென்றால் முழுக்க வெளியே வரும் பால் பேரிங் சேனலே நல்லது. அட்டையில் 45 கிலோ என்று போட்டிருந்தால் அது ஜோடிக்கான கணக்கு, பெட்டியின் எடையும் அதற்குள் அடக்கம். நிற்கவைத்துப் பொருத்த வேண்டிய சேனலைச் சிலர் படுக்கவைத்து மாட்டுகிறார்கள். அப்படி மாட்டினால் அது தாங்கும் எடை வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி: பென்சில் கோடு போட்டுத்தான் மாட்டுகிறேன், ஆனாலும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது.

பதில்: கோட்டை விட்டுவிடுங்கள். மேல் டிராயரின் சேனல் எந்த உயரத்தில் வர வேண்டுமோ, அந்த உயரத்துக்கு ஒரு பிளைவுட் துண்டை அறுத்துக் கூட்டின் அடியில் நிறுத்துங்கள். அதன் மேல் சேனலை உட்காரவைத்து ஸ்க்ரூ போடுங்கள். அதே துண்டை எதிர்ப் பக்கத்துக்கும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே உயரம், டேப்பே வேண்டாம். அப்புறம் அந்தத் துண்டையே குட்டையாக அறுத்து நடு டிராயருக்கு, மறுபடி அறுத்துக் கீழ் டிராயருக்கு. அதனால்தான் மேலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

முதலில் சேனலில் உள்ள நீளத் துளைகளில் மட்டும் ஸ்க்ரூ போட்டு, ஓட்டிப் பார்த்து, தட்டிச் சரிசெய்யுங்கள். வட்டத் துளைகள் கடைசியில். ஸ்க்ரூவின் தலை தட்டையாக உள்ளே பதிய வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் சேனல் அதில் இடித்து நிற்கும். 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ. ஸ்க்ரூ, 2 மி.மீ. முன்துளை.

கேள்வி: நன்றாக ஓடும் டிராயர் மூடும்போது கடைசி இரண்டு அங்குலத்தில் இறுகுகிறது. சேனலை மாற்றிவிடலாமா?

பதில்: சேனல் மேல் பழி போடாதீர்கள். கூடு பின்னால் குறுகியிருக்கும், இல்லையென்றால் பெட்டி முன்னால் விரிந்திருக்கும். அளந்தால் தெரிந்துவிடும். கூடுதான் காரணம் என்றால், பின் ஓரத்தில் பேக்கிங் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் பெட்டியைத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: கூடு முழுக்கத் தேக்குப் பலகை. தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். பக்கப் பலகையில் மரத்தின் இழை மேலும் கீழுமாக ஓடும், சேனல் அதற்குக் குறுக்கே நிற்கும். மரம் ஈரத்தில் விரிவதும் காய்ந்து சுருங்குவதும் இழைக்குக் குறுக்காகத்தான். இரும்புச் சேனல் அசையாது. முன் முனையில் வட்டத் துளையில் இறுக்குங்கள், பின்னால் கிடைமட்ட நீளத் துளையில் மட்டும் போடுங்கள், மரம் தன் போக்கில் நகரட்டும். பிளைவுட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: அடியில் மறைந்திருக்கும் சேனலுக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. அதில் பெட்டியின் உள் அகலம்தான் கணக்கு. பல தயாரிப்புகளில் கூட்டின் அகலத்திலிருந்து 42 மி.மீ. கழிப்பார்கள். பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வெட்டும் துளையும் போட வேண்டும். கூடவே வரும் அளவுத் தாளைப் பார்க்காமல் ஒரு பலகையையும் அறுக்காதீர்கள்.

கேள்வி: கழற்றிய பெட்டியைத் திரும்ப மாட்டும்போது சிறு குண்டுகள் கொட்டிவிட்டன!

பதில்: குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டைச் சேனலின் முன் முனைவரை இழுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் நேராகச் செருகுங்கள். கூண்டு பின்னால் தங்கியிருக்கும்போது தள்ளினால் அது நசுங்கிவிடும். கொட்டிய அந்தச் சேனலை மாற்றிவிடுங்கள்.